புரெக் மூச்சுவிட ஒரு ஜன்னல்

புரெக் தும்மினான். நானும் அப்பாவும் ஒரே நேரத்தில் திரும்பினோம்.

முயல் தும்மினால் பெரிய சத்தமெல்லாம் வராது. யாரோ காகிதத்தைக் கிழிப்பதுபோல ஒரு சின்ன 'ப்ச்', அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் அந்த 'ப்ச்'சுக்கு இருந்த மரியாதை தீயணைப்பு வண்டிக்குக்கூடக் கிடையாது. தும்மலுக்குப் பின்னாலேயே மூக்கொழுகல் வரும். அதை முன்னங்கால்களால் துடைத்துத் துடைத்து, அங்கே இருக்கும் முடியெல்லாம் பசை தடவியதுபோல ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சாப்பாடு நிற்கும். முயலுக்கு நம்மைப்போல வாயால் மூச்சுவிட்டுச் சமாளிக்க வராது. மூக்குப் போனால் எல்லாமே போச்சு.

"பாத்தியா? காத்து! எங்கிருந்தோ காத்து நுழையுது!" அப்பா எழுந்து ஜன்னல் ஓரமெல்லாம் உள்ளங்கையை வைத்துத் தடவ ஆரம்பித்தார்.

அப்பா ராதிசாவ், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பனியில் வழுக்கும் மலைப்பாதைக்கெல்லாம் அசராத ஆள். உலகத்தில் அவர் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான்: ப்ரொமாயா. ஒரு ஜன்னலில் நுழைந்து எதிர்க் கதவு வழியே வெளியேறும் குறுக்குக் காற்று. எங்கள் ஊரான வெர்ஷாட்ஸில் கழுத்துப் பிடிப்பு, பல்வலி, காது அடைப்பு, பரீட்சையில் தோல்வி என்று எதைச் சொன்னாலும், "ப்ரொமாயாவில் உட்கார்ந்திருப்பே" என்பார்கள். அதிலும் குளிர்காலத்தில் கோஷாவா என்ற குளிர்காற்று வீசத் தொடங்கிவிட்டால் ஊரே ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும்.

புரெக்குக்கு முதல் தடவை சளி பிடித்ததுமே அப்பா ஹீட்டர் பக்கத்தில் ஒரு கோட்டை கட்டிவிட்டார். கூண்டுக்கு மூன்று பக்கமும் பிளாஸ்டிக் விரிப்பு, மேலே பழைய ரஜாய்ப் போர்வை, ஜன்னல் இடுக்கெல்லாம் பஞ்சு டேப். எதிர்வீட்டு தோப்ரிலா அத்தை அதைப் பார்க்கவென்றே வந்தாள். "எம் புருஷனுக்குக்கூட நான் இப்படிச் செஞ்சதில்ல, ராதிசாவ்" என்றாள். அப்பாவுக்கு ஒரே பெருமை.

மருந்து கொடுத்தால் புரெக் தேறுவான். நிறுத்தினால் மறுபடி 'ப்ச்'. அப்பா இன்னொரு அடுக்கு பிளாஸ்டிக் சுற்றுவார். மறுபடி மருந்து, மறுபடி 'ப்ச்'. ஊசி கழற்றிய சிரிஞ்சை நான் கையில் எடுத்தாலே அவன் முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பிவிடுவான். அந்த முதுகைப் பார்த்தாலே எனக்கு அழுகை வரும்.

இந்தத் தடவை தும்மியதும் அவனைத் துண்டில் சுற்றிக்கொண்டு இருவரும் கால்நடை டாக்டர் இஸ்க்ராவிடம் ஓடினோம்.

இஸ்க்ரா அவன் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டாள். இவ்வளவு நேரம் அவள் கேட்டதே இல்லை.

"நெவேனா, ஒளிக்காம சொல்றேன். இந்தக் கிருமி இவன் மூக்கவிட்டு மொத்தமாப் போகாது. மருந்து அதத் தூங்க வைக்கும், அவ்வளவுதான். ஆனா ஒவ்வொரு தடவை எந்திரிக்கும்போதும் கொஞ்சம் கீழ இறங்குது. இப்ப நுரையீரல் பக்கத்துல சத்தம் கேக்குது. இந்தக் குளிர்காலத்துல இன்னொரு தடவை வந்தா, தாங்குவான்னு என்னால சொல்ல முடியாது."

"அத எது எழுப்புது?" என்றேன்.

"தூசி, சிகரெட் புகை, மூத்திர நெடி, அடைச்ச அறை. அறையில காத்து மாறிக்கிட்டே இருக்கணும். இவன் மேல நேரா மட்டும் அடிக்கக் கூடாது."

அப்பா என் தோளைத் தட்டினார். "கேட்டியாடா மகனே? மேல அடிக்கக் கூடாதாம்! நான் என்ன சொன்னேன்?"

எங்கள் பக்கம் அப்பாக்கள் மகளையும் 'மகனே' என்றுதான் கொஞ்சுவார்கள். அன்றைக்கு எனக்குக் கொஞ்சலைக் கேட்கிற மனநிலை இல்லை.

"அப்பா, அவங்க ரெண்டு விஷயம் சொன்னாங்க. உன் காதுல ஒண்ணுதான் விழுந்துச்சு."

"எது முக்கியமோ அது விழுந்துச்சு."

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்குள் தலையை விட்டேன். முன்பெல்லாம் கையை மட்டும் நீட்டி காய்ந்த புல்லைப் போட்டுவிட்டு, மூலைப் பெட்டியை இழுத்துச் சுத்தம் செய்வேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, அவன் மூக்கு இருக்கும் உயரத்தில் என் மூக்கை வைத்தேன். கண் எரிந்தது. தொண்டையில் ஏதோ கீறியது. வெளியே உருண்டு வந்து விழுந்தேன்.

"அப்பா, இங்க வா. படு."

"எங்க படுக்கறது?"

"இதுக்குள்ள. தலைய மட்டும் விடு."

"என் வயசென்ன, என் வயிறென்ன! விளையாடறியா?"

"உன் கோட்டைதானே? உனக்கே பயமா?"

ஓட்டுநரைப் பார்த்து 'பயமா' என்று கேட்டால் போதும். அப்பா முனகிக்கொண்டே தரையில் குப்புறப் படுத்து, ரஜாயைத் தூக்கி, தலையை உள்ளே விட்டார். அவர் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் இருமல். வெளியே வந்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"உள்ள வெங்காயமா உரிச்சு வெச்சிருக்கே?"

"அது அவன் மூத்திரம், அப்பா. நேத்துதான் பெட்டிய மாத்தினேன். நெடி போக வழியே இல்ல. நாள் முழுக்க அவன் இதத்தான் இழுக்கறான்."

அப்பா தரையிலேயே உட்கார்ந்து, தான் வெட்டி ஒட்டிய பிளாஸ்டிக்கை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தார். பின்பு கொஞ்சம் வேகமாக. கடைசியில் கிழித்தே எறிந்தார்.

ஆனாலும் ஜன்னலைத் திறக்க மனுஷன் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பெரிய பேரம் நடந்தது. முடிவில் ஜன்னலின் மேல்பக்கத்தை மட்டும் உள்பக்கமாகச் சாய்த்து வைப்பது, கூண்டை எதிர்ச் சுவரோரம் தாழ்வாக வைப்பது, அப்பா வீட்டுக்குள்ளும் ரோமத் தொப்பியும் கழுத்துத் துணியும் போட்டுக்கொள்வது என்று ஒப்பந்தமானது. புல்லைப் பால்கனியில் உதறித் தூசி போக்கியபின் கொடுத்தோம். மூலைப் பெட்டியைக் காலையும் மாலையும் மாற்றினோம். இஸ்க்ரா கொடுத்த மருந்தை ஆவியாக்கி அவனுக்குக் காட்டினோம். அப்பா ஜன்னல் கைப்பிடியில் கை வைத்தபடி நிற்பதை நான் ஓரிரு தடவை கையும் களவுமாகப் பிடித்தேன்.

"சும்மா பாத்தேன். திருகாணி லூசா இருக்கான்னு."

"இருக்கா?"

"இல்ல."

புரெக்கின் முன்னங்கால் முடி காய்ந்து பஞ்சாக மலர்ந்தது. நான் சமையலறையில் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்தாலே ஓடிவந்து காலைச் சுற்றினான். தும்மலே இல்லை. அந்தச் சமயத்தில்தான் ஸ்லாவா வந்தது.

ஸ்லாவா என்றால் எங்கள் குலப் புனிதர் யோவானின் நாள். அப்பாவுக்கு வருஷத்தில் அதைவிடப் பெரிய நாள் கிடையாது. மேசை நடுவில் ரொட்டி, கோதுமை, அவற்றின் பக்கத்தில் உயரமான மெழுகுவர்த்தி. அது நாள் முழுக்க எரிய வேண்டும். நடுவில் அணைந்தால் வீட்டுக்கு ஆகாது. வெளியே கோஷாவா ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஜன்னல மூடிக்கறேன். மெழுகுவர்த்தி, மகனே" என்றார் அப்பா. கெஞ்சுகிற குரல். சரியென்று புரெக்கை என் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஆனால் விருந்தாளிகளின் கோட்டுகள் என் கட்டிலில்தான் குவிந்தன. ஆளாளுக்குக் கதவைத் திறந்தார்கள், யாரும் மூடவில்லை. சித்தப்பா ஸ்ரெட்டென் ஒன்றை அணைக்கும் முன்பே அடுத்த சிகரெட்டைப் பற்றவைத்தார். புகை கூரையிலிருந்து இறங்கி மேசைக்கு வந்தது. முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய சர்மா பாத்திரத்தோடு நான் சமையலறையிலிருந்து வந்தபோது எல்லாரும் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

'ப்ச்.'

அந்த இரைச்சலில் எனக்கே அது சந்தேகமாகத்தான் கேட்டது. ஆனால் மேசையின் மறுகோடியில் அப்பாவின் கையிலிருந்த முட்கரண்டி அப்படியே நின்றது.

அவர் மெழுகுவர்த்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்தார்.

"ஸ்ரெட்டென், சிகரெட்ட எடுத்துக்கிட்டு பால்கனிக்குப் போ."

"என்னண்ணே, அங்க காத்து ஆளத் தூக்கிக்கிட்டுப் போயிரும்!"

"உன்னத் தூக்க கோஷாவா பத்தாது, கிரேன் வேணும். போ!"

சொல்லிவிட்டு அப்பா ஜன்னலிடம் போனார். சாய்க்கவில்லை. கைப்பிடியைத் திருப்பி முழுக்கத் திறந்தார். பின்பு நேராக என் அறைக்கு நடந்து, கட்டிலுக்கடியில் இருந்த புரெக்குக்குக் காற்று படாமல் தலையணையை அணைகொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் அந்த அறை ஜன்னலையும் திறந்தார். ப்ரொமாயா! எங்கள் வீட்டில்! அதுவும் அப்பா கையால்!

"ராதிசாவ்!" தோப்ரிலா அத்தை கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எங்களக் கொல்லப் பாக்கறியா? என் சிறுநீரகம்! என் காது!"

"கோட்டு போட்டுக்க, தோப்ரிலா. உனக்குக் கோட்டு இருக்கு, அவனுக்கு வேற நுரையீரல் இல்ல."

மேசைத்துணி படபடத்தது. மெழுகுவர்த்திச் சுடர் படுத்தேவிட்டது. யாரோ "ஐயோ யோவானே" என்றார்கள். நான் இரண்டு கையையும் குவித்துச் சுடரை மறைத்தேன். அப்பா சமையலறைக்கு ஓடி, ஊறுகாய் மிளகாய் இருந்த பெரிய கண்ணாடி ஜாடியைத் தூக்கினார். மிளகாயெல்லாம் தொட்டியில் விழும் சத்தம் கேட்டது. ஜாடியோடு வந்து, எரியும் மெழுகுவர்த்தியைத் தண்டைப் பிடித்து எடுத்து உள்ளே இறக்கினார், ஒரு குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி.

சுடர் ஆடியது. நீலமாகச் சுருங்கியது. பின்பு நிமிர்ந்தது.

வினிகர் வாசனையோடு நேராக எரிந்தது.

எங்கள் சொந்தக்காரர்கள் மொத்தப் பேரும் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு சர்மா சாப்பிட்டார்கள். சர்மா சூட்டில் ஆவி பறந்தது, எல்லார் வாயிலிருந்தும் ஆவி பறந்தது. திட்டினார்கள், ஆனால் ஒருவரும் கிளம்பவில்லை. ஸ்ரெட்டென் சித்தப்பா பால்கனியிலிருந்து விறைத்துப்போய் வந்து, "இந்த ஸ்லாவாவ நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன், அது நாளைக்கேகூட இருக்கலாம்" என்றார்.

புகை போனபிறகு ஜன்னல்களைச் சாய்த்து வைத்தோம். புரெக் தானாகவே வெளியே வந்தான். மேசைக்கடியில் பூட்ஸுகளுக்கு நடுவே ஓடி, திறந்த இடத்துக்கு வந்ததும் அந்தரத்தில் எகிறி உடம்பை ஒரு முறுக்கு முறுக்கினான். சந்தோஷம் தாங்காத முயல் செய்கிற காரியம் அது. இலையுதிர்காலத்துக்கு அப்புறம் அவன் அப்படிக் குதித்ததே இல்லை. தோப்ரிலா அத்தை தன் தட்டிலிருந்த கொத்தமல்லியை அவனுக்கு நீட்டினாள். "இந்தா, ராசா. உன்னால எனக்கு நிமோனியா வந்தா நீதான் பாத்துக்கணும்."

யாருக்கும் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் அந்த ஒரு 'ப்ச்' என் நெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது. திங்கட்கிழமை காலையில் இஸ்க்ராவின் மேசையில் புரெக்கை வைத்தேன். அவள் குழாயை வைத்தாள். இடதுபக்கம், வலதுபக்கம், மறுபடி இடதுபக்கம். அப்பா தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார்.

இஸ்க்ரா குழாயைக் கழற்றினாள். சிரித்தாள்.

"சுத்தம். ரெண்டு பக்கமும் சுத்தம். மூக்கும் காஞ்சிருக்கு. என்ன செஞ்சீங்க, ராதிசாவ் மாமா?"

நான் கத்திய கத்தலில் வெளியே காத்திருந்த நாய் குரைத்தது. அப்பா அறையைச் சுற்றிப் பார்த்தார். கழுத்துத் துணியைத் தளர்த்தினார்.

"டாக்டரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "இங்க கொஞ்சம் புழுக்கமா இல்ல?"

பதிலுக்குக் காத்திராமல் போய் ஜன்னலைத் திறந்தார்.