மைனஸ் இருபத்திரண்டு

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி பேசுவது யாருக்கும் கேட்காமல் போன வருடம்தான் எங்கள் குடியிருப்பில் தண்ணீருக்கு மீட்டர் வைத்தார்கள். இரண்டில் மீட்டரைப் பற்றித்தான் அதிகம் பேசப்பட்டது. அவள் குரல் ஒரே நாளில் போய்விடவில்லை. மெக்கானிக் வேலை முடிந்து வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பின்பக்க அறையில், உலகத்தில் எங்கிருப்பவரோடும் பொழுதுபோக்காகப் பேச உதவும் அமெச்சூர் ரேடியோவின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவள் அறை வாசலில் நின்று ஏதாவது சொல்வாள். பதில் வராது. பதில் வராத ஒவ்வொரு பேச்சுக்கும் குரல் கொஞ்சம் இறங்கியது. முதலில் மிக்ஸி ஓடும்போது கேட்கவில்லை, பிறகு மின்விசிறி சுற்றும்போது கேட்கவில்லை, கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் கேட்கவில்லை. மாடி வீட்டுக்காரிதான் அவளைத் தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒரு குறையும் இல்லை, இந்த அம்மா உரக்கத்தான் பேசுகிறார், நமக்குத்தான் கேட்கவில்லை என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். மாடி வீட்டுக்காரி உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகிக்கொண்டாள். மெக்கானிக்குக் குரல் போன விஷயமே தெரியாது. கொஞ்ச நாளாக வீடு அமைதியாக இருக்கிறது என்று மட்டும் நண்பர்களிடம் மெச்சிக்கொண்டார்.

ரேடியோவில் அவரும் ஒரு காலத்தில் மைக்கைப் பிடித்துப் பேசியவர்தான். பிறகு பேச்சு அலுத்துவிட்டது. எதிராளி மழை, முழங்கால் வலி என்று ஆரம்பித்தால் முடிப்பதில்லை என்பது அவர் புகார். அதனால் கம்ப்யூட்டரை ரேடியோவோடு இணைத்து, புதிது புதிதாக வரும் டிஜிட்டல் முறைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். அவருக்குப் பிடித்துப்போன மென்பொருளில் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கால் நிமிடம் விசிலடிக்கும். அந்த விசிலில் ஒரு தடவைக்குப் பதின்மூன்று எழுத்துதான் போகும். இரைச்சலுக்கு அடியில் புதைந்து காதுக்கு எட்டாத சிக்னலையும் அது தோண்டியெடுத்துத் திரையில் எழுதிவிடும். சொல்லவேண்டியதும் அதிகமில்லை. நான் இன்னார், உன் சிக்னல் பலம் இவ்வளவு, கிடைத்தது, எழுபத்துமூன்று. ரேடியோக்காரர்கள் விடைபெறும்போது வாழ்த்துக்குப் பதிலாகச் சொல்வது அந்த எழுபத்துமூன்று. அதோடு அந்த ஆள் முடிந்தான், அவன் நாடு, பிடித்த நாடுகளின் கணக்கில் சேர்ந்தது. மெக்கானிக் தன் பங்குக்கு ஒரு வேலை செய்தார். ஒரு தடவை தொடர்புகொண்டு முடித்த ஆள் மறுபடி அழைத்தால் பதில் போகாதபடியும், அந்த அழைப்பு திரையிலேயே வராதபடியும் மென்பொருளை மாற்றி எழுதினார். “ஒரே ஆள்கிட்ட ரெண்டாவது தடவை பேச என்ன இருக்கு?” என்று கேட்டார். உள்ளூர் ரேடியோ சங்கத்தின் தலைவர், கப்பலில் ரேடியோ பார்த்து ஓய்வுபெற்ற கப்பல்காரர், மனைவியை இழந்தவர். இதைக் கேட்டதும் அவர் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காக மெக்கானிக் ஆன்டெனாவின் வயரைக் கழற்றினார். வந்துசேரும் சிக்னல் ஒவ்வொன்றும் திரையில் ஒரு கோடாக இறங்கும், வயர் இல்லாததால் இப்போது திரை காலியாகியிருக்க வேண்டும். ஆனால் இடது ஓரத்தில் நூல் மாதிரி ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. சமையலறையில் மனைவியின் உதடு அசையும்போது கோடு வந்தது, உதடு நின்றால் நின்றது. மென்பொருள் அதைப் படித்து, பலம் மைனஸ் இருபத்திரண்டு, அதாவது காதுக்கு எட்டவே எட்டாத அளவு, என்று போட்டு, பக்கத்தில் ‘ஏங்க, கேக்குதா’ என்று எழுதியது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஆன்டெனா இல்லாமல் சிக்னல். உடனே சங்கத்துக்குத் தகவல் சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு சங்கமே வந்து இறங்கியது. அவளைச் சமையலறையில் நிற்கவைத்துப் பேசச் சொன்னார்கள், குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசச் சொன்னார்கள், மொட்டைமாடிக்கும் அனுப்பினார்கள். அவளோ ஒருவழியாகத் தன் பேச்சைக் கேட்க நாலு பேர் வந்திருக்கிறார்கள் என்று நம்பி, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். வேறு ஊரில் அவளுடைய அக்கா ஆஸ்பத்திரித் திரைச்சீலையும் சீருடையும் தைக்கும் பட்டறை வைத்திருந்தாள். துணி வெட்ட ஆள் வேண்டும், வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். திரையில் ‘அக்கா கூப்பிடறா’ என்று வந்தது. அடுத்த முறைக்கு ‘போகவா இருக்கவா’ என்று வந்தது. எழுத்து ஒன்றுகூடச் சிதையவில்லை என்று சங்கத்திலிருந்த கல்லூரி ஆசிரியர் ஒருவர் வியந்தார். காற்றில் ஈரம் இருப்பதால் இருக்கலாம் என்றார் இன்னொருவர். இருக்கச் சொல்வதா போகச் சொல்வதா என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. மெக்கானிக் முறைப்படி நடந்துகொண்டார். அவளுடைய கோட்டின் மேல் சொடுக்கி, சமையலறைப் பக்கம் திரும்பி, “மைனஸ் இருபத்திரண்டு” என்று பெருமையாகச் சொன்னார். அவள் விழித்தாள். ‘எனக்குப் புரியல’ என்று திரையில் வந்தது. வந்தது எதுவானாலும் பதில் பதில்தானே, மென்பொருள் அதைக் கிடைத்ததற்கான ஒப்புதலாக எடுத்துக்கொண்டது. “எழுபத்திமூணு” என்றார் அவர். எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அவள் கோடு சாம்பல் நிறமாகி, பிறகு திரையிலிருந்து மறைந்தது.

அதற்குப் பிறகும் அவள் தினமும் கேட்டாள். போவதற்கு அவளுக்கு ஆசையே இல்லை என்பது மாடி வீட்டுக்காரிக்கு நன்றாகத் தெரியும். ‘இரு’ என்று ஒரு சொல், அதைக்கூட நிமிர்ந்து பார்த்துச் சொல்லவேண்டாம், திரையைப் பார்த்தபடியே சொல்லியிருந்தாலும் அவள் பெட்டியைத் தொட்டிருக்கமாட்டாள். ஆனால் திரை அவளைக் காட்டவில்லை, திரையில் வராததை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கெட்டவர் இல்லை என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. செய்யாததையெல்லாம் நல்ல குணத்தில் சேர்ப்பது எங்கள் குடியிருப்பில் வழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் அவர் வேலைக்குப் போனபின் அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓடிக்கொண்டிருந்த திரையில், யாரென்று தெரியாத ஒருவனிடமிருந்து ‘நல்லாருக்கீங்களா’ என்று வந்தது. பனிக்கட்டித் தீவு ஒன்றில் தனியாக இருந்து காற்றையும் குளிரையும் அளக்கிற வானிலை நிலையத்துக்காரன் அவன். பல மாதங்களாக அவள் பேச்சு அவனுடைய திரையில் ஒன்றுவிடாமல் விழுந்துகொண்டிருந்ததாம். அவனுக்கு நம் மொழி எப்படித் தெரிந்தது என்று பிற்பாடும் யாரும் கேட்கவில்லை. அவள் துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டே கணவனின் நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். ‘அவர் சொன்னது என்ன’ என்று அவன் கேட்டான். மைனஸ் இருபத்திரண்டு என்று சொன்னார் என்றாள். அடுத்த கால் நிமிடத்தில் ‘போங்கம்மா’ என்று வந்தது. சாவியை மாடி வீட்டில் கொடுத்துவிட்டு அன்று மதியமே கிளம்பினாள். பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்டபோது கண்டக்டர் காதைப் பொத்திக்கொண்டு, “மெதுவா சொல்லுங்கம்மா, காது அடைச்சிடும் போல” என்றார்.

மிக்ஸியும் கிரைண்டரும் ஓடாததால் மெக்கானிக்கின் ரேடியோவில் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. மனிதர் சந்தோஷமாக இரண்டு புதிய நாடுகளைப் பிடித்தார். கடையில் வாங்கித் தின்றுகொண்டு அவர் அந்தச் சந்தோஷத்திலேயே இருக்க, பாவம் என்று மாடி வீட்டுக்காரி இறங்கிவந்து, அவள் தினமும் கேட்டதையும் கிளம்பிப் போனதையும் சொன்னாள். அவர் ஓடிப்போய், முடித்த ஆட்களை மறைக்கத் தன் கையால் எழுதிய தடையைத் தன் கையாலேயே அழித்தார். அவள் கேட்டது ஒன்றும் அகப்படவில்லை. காட்ட வேண்டாதவற்றைச் சேமித்துவைப்பது வீண் என்று அவரே முன்பு ஏற்பாடு செய்திருந்தார். காலி வீட்டில் நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டார். பதிலில்லாத வீட்டில் பேசப் பேச அவர் குரலும் இறங்கியது. லிஃப்ட் குழிக்குள் இறங்கி, மேலே இருப்பவரிடம் “நிறுத்து” என்று கத்தினால் கேட்கவில்லை. ஒரு தடவை மயிரிழையில் தப்பினார். கம்பெனி அவரை உதிரிபாகக் கிடங்கில் உட்காரவைத்தது. அவர் நாள் முழுக்க ‘இரு’ என்றும் ‘வந்துடு’ என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். உலகத்துத் திரையெல்லாம் அதைப் படித்தது. ஒவ்வொருவரும் முறைப்படி சிக்னல் பலத்தைச் சொல்லி, எழுபத்துமூன்று சொல்லி, அவரை முடித்துவைத்தார்கள். அவருடைய தடை ரேடியோக்காரர்களிடம் எப்போதோ பரவியிருந்தது, ஆகவே இரண்டாவது தடவை அவருக்குப் பதில் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.

கப்பல்காரருக்கு மனது கேட்கவில்லை. திரைச்சீலை தைக்கக் கொடுக்கும் சாக்கில் அந்தப் பட்டறைக்கே போனார். அவள் பெரிய மேசையில் நீலத் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். தையல் மெஷின்கள் அத்தனையும் ஓடும்போதும் அவள் குரல் தெருமுனை வரை கேட்டது.

“அவன் உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்மா. புதுசா சேர்றவங்க திரையில எல்லாம் வருது. ஒரு வார்த்தை பதில் சொல்லேன்.”

“பலம் எவ்வளவு வருது அண்ணே?”

“மைனஸ் இருபத்திரண்டு.”

அவள் கத்தரியை நிறுத்தவில்லை. “கிடைச்சுதுன்னு சொல்லிடுங்க. அவரோட பேசி முடிச்சாச்சு அண்ணே. அன்னிக்கு நீங்களும் பக்கத்துலதான் இருந்தீங்க.” துணி முடியும் இடம் வரை நேராக வெட்டிவிட்டு, அவருடைய ஜன்னலின் அளவைக் கேட்டாள்.

இப்போது புதிதாக லைசென்ஸ் வாங்கி மென்பொருளைப் போடுகிறவர்கள் திரையின் இடது ஓரத்தில் விடாமல் இறங்கும் மெல்லிய கோட்டைப் பார்த்து, தங்கள் பெட்டியில் ஏதோ பழுது என்று கப்பல்காரரிடம் ஓடிவருகிறார்கள். பழுதெல்லாம் ஒன்றுமில்லை, அது லிஃப்ட் மெக்கானிக், ஒரு தடவை பதில் போட்டுவிட்டால் மறைந்துவிடும் என்று அவர் சொல்லிக்கொடுக்கிறார். அவர்களும் அப்படியே செய்கிறார்கள்.