மைனஸ் பாயிண்ட் முப்பத்தைந்து

என் பெரியப்பா எதை வாங்கினாலும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். கதவு, கார், மருமகள் வீட்டுச் சுவர் என எல்லாவற்றையும் தட்டியிருக்கிறார். சோலார் பேனல் இன்னும் வீட்டுக்கு வந்து சேராததால், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் விளம்பரத் தாளைத் தட்டிக்கொண்டிருந்தார். எதிரே விற்பனைக்காரன். அந்த வெயிலிலும் கோட்டு. சட்டைப்பையில் பெயர் அட்டை தொங்கியது. எனக்கு அவன் கோட்டுதான்.

"மேல இருக்குற இஞ்சினியரம்மாவ வரச் சொல்லு" என்று அவர் சமையலறைப் பக்கம் கொடுத்த குரல் மொட்டைமாடி வரைக்கும் கேட்டது.

மேலே இருப்பது நானும் அம்மாவும். மாடியின் பின்மூலையில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. அப்பா இறந்ததிலிருந்து எட்டு வருஷமாக அதில்தான் இருக்கிறோம். "வாடகை ஒரு பைசா வாங்கினதில்ல" என்று பெரியப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கீழே மூன்று வேளைச் சமையலும் பாத்திரமும் ஐந்து பேர் துணியும் அம்மாவின் தலையில் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார். பாவம், குளியலறை டைல்ஸ் விற்கும் மனுஷன், எத்தனையைத்தான் நினைவில் வைப்பார்.

இறங்கிப் போனேன்.

"வாம்மா. இந்த ரெண்டுல எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு. சும்மாதான உக்காந்திருக்க."

வாரத்தில் ஆறு நாள் டிரான்ஸ்ஃபார்மர் பட்டறையில் எரிந்த கம்பிச்சுருள் நாற்றத்துக்கு நடுவில் நிற்கிறேன். ஏழாவது நாள் சும்மா.

மேஜையில் இரண்டு தாள்கள். ஒன்றில் கண்ணாடி, சட்டம், முதுகு எல்லாமே கறுப்பாக ஒரு பேனல், நானூறு வாட். இன்னொன்றில் மெல்லிய வெள்ளிக்கோடு ஓடும் பேனல், நானூற்று நாற்பது வாட். அளவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது அதே இடத்தில் கோடு போட்டது அதிகம் தரும். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். கோட்டு விடவில்லை.

"ரெண்டுமே பிரீமியம் மேடம். ஆனா இந்தக் கறுப்பு வெறும் பேனல் கிடையாது. ஒரு ஸ்டேட்மென்ட்."

"பேங்க் ஸ்டேட்மென்ட்டா?"

அவன் பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்தான், நான் அவர் வளர்க்கும் ஏதோ பிராணி என்பது போல.

"நானே படிச்சுட்டேன்" என்றார் பெரியப்பா. தாளில் ஒரு வரியில் விரலை ஊன்றினார். "இங்க பாரு. கோடு போட்டதுல மைனஸ் பாயிண்ட் இருபத்தாறு. கறுப்புல மைனஸ் பாயிண்ட் முப்பத்தஞ்சு. எது பெருசு? கறுப்புதான் நல்லது."

கோட்டு தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கனவே மூடியிருந்த பேனாவை மறுபடி மூடினான். அவனுக்குத் தெரியும். கறுப்பில்தான் அவனுக்குக் கமிஷன் அதிகம் போலிருக்கிறது.

"அது மார்க் இல்ல பெரியப்பா. நஷ்டம். இருபத்தஞ்சு டிகிரிக்கு மேல சூடு ஏற ஏற, ஒவ்வொரு டிகிரிக்கும் பவர் அவ்வளவு சதவீதம் குறையும். நம்ம மாடியில மத்தியானம் பேனல் அறுபத்தஞ்சு டிகிரி வரைக்கும் போகும். நாப்பது டிகிரி கூட. கறுப்புல பதினாலு சதவீதம் போயிடும். இதுல பத்துதான் போகும்."

இத்தனையிலும் அவர் காதில் விழுந்தது ஒரே சொல்.

"கேட்டியா?" என்று பெரியம்மா பக்கம் திரும்பினார். "டிகிரி ஏற ஏற உபயோகம் குறையுமாம். கம்பெனிக்காரனே அச்சடிச்சு வச்சிருக்கான். இவ அம்மாகிட்ட நான் அப்பவே சொன்னேன்."

பெரியம்மா சிரித்தாள். கோட்டும் சிரித்தான். வாங்குகிறவர் சொல்லும் ஜோக்குக்குச் சிரிப்பது அவன் சம்பளத்தில் சேர்த்தி. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் டிகிரி என்பது காய்ச்சலில் படுத்தவர்களுக்கு மட்டும் வந்து போன ஒன்று. அதனால் அவர் அதை ஒரு நோயாக நினைப்பதில் எனக்கு ஆச்சரியம் கிடையாது.

கோட்டு அடுத்து மாடியின் வரைபடத்தை விரித்தான். எங்கள் அறை இருக்கும் மூலையில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

"ஒரே பிரச்சனை சார். எந்த பேனல் போட்டாலும் இந்த ரூமோட நிழல் அடிக்கும். இத எடுத்துட்டா இருபத்து நாலு பேனல் தாராளமா உக்காரும்."

பெரியப்பா பெருமூச்சு விட்டார். ஒத்திகை பார்த்த பெருமூச்சு. "என்ன பண்றது. நானா சொல்றேன்? சூரியன் சொல்லுது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மகனுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்களைக் கிளப்ப அவருக்கு ஆசை. ஆனால் தம்பி பெண்டாட்டியைத் துரத்தினான் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்கள். டைல்ஸ் கடையில் உட்கார்ந்து தர்மம் பேச முடியாது. இரண்டு வருஷமாக ஒரு சாக்குத் தேடி அலைந்தவருக்கு வானத்திலிருந்தே ஒன்று கிடைத்துவிட்டது.

அம்மா சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றாள். அம்மா இந்த எட்டு வருஷத்தில் பெரியப்பாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் எதிரிலேயே நின்றாலும் என்னைப் பார்த்துத்தான் சொல்வாள்: "சாப்பிட வரச் சொல்லு பெரியப்பாவ." "பெரியப்பா சட்டை அயர்ன் பண்ணியாச்சுன்னு சொல்லு." அன்றைக்கும் என்னைத்தான் பார்த்தாள்.

"எப்போ காலி பண்ணணும்னு பெரியப்பாகிட்ட கேளு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் இருந்ததைவிட அவள்மேல்.

ஆனால் ஒரு முடிச்சு இருந்தது. முப்பது வருஷ வாரன்ட்டி வேண்டுமென்றால் நிழல் அறிக்கை என்று ஒரு ஃபாரம் போக வேண்டும், அதில் இஞ்சினியரிங் பட்டதாரி கையெழுத்துப் போட வேண்டும். கோட்டுவின் ஆபீஸில் இருந்த ஒரே இஞ்சினியர் போன மாதம் வேலையை விட்டுவிட்டார்.

"மேடம் போட்டா போதும்" என்று ஃபாரத்தை என் பக்கம் தள்ளினான். எழுதியே வைத்திருந்தான். 'நிழல் தரும் தடை: மாடி அறை. இடிக்கப்படும்.'

"போடும்மா" என்றார் பெரியப்பா. "படிச்சதுக்கு வீட்டுக்கு ஒரு உபயோகம் வேண்டாமா."

என்னை வெளியேற்ற என் கையெழுத்து.

"அளந்தீங்களா?" என்று கோட்டுவிடம் கேட்டேன்.

"சாஃப்ட்வேர்ல பாத்தாச்சு மேடம்."

"சாஃப்ட்வேர் வந்து கையெழுத்துப் போடாதுல்ல. நான் அளந்துட்டுப் போடறேன். அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு வாங்க."

புதன்கிழமை பட்டறைக்கு லீவு சொன்னேன். காலை ஆறரைக்கே சாக்குக்கட்டியும் டேப்பும் எடுத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்தேன். பேனல் வரவிருக்கும் இடத்தை முதலில் கோடு போட்டுக் கட்டம் கட்டினேன். எங்கள் அறையின் நிழல் அந்தக் கட்டத்தின் ஒரு மூலையை நக்கிக்கொண்டு கிடந்தது. அரைமணிக்கு ஒரு தரம் அதன் விளிம்பைச் சாக்குக்கட்டியால் வரைந்து பக்கத்தில் நேரம் எழுதினேன். ஒன்பதுக்குள் அது கட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது. அந்த நேரத்து வெயிலில் பெரிதாகப் பவர் வரப்போவதும் இல்லை. எட்டு வருஷம் நாங்கள் அந்த வீட்டில் அடைத்துக்கொண்டிருந்த இடம் அவ்வளவுதான்.

மத்தியானம் இரண்டேகாலுக்கு இன்னொரு நிழல் கட்டத்துக்குள் கால் வைத்தது. தெருப்பக்கத்திலிருந்து.

வீட்டு முகப்பில், மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல், பெரியப்பா ஒரு வளைவு கட்டியிருக்கிறார். ஆறடி உயரம், சிமென்ட், நடுவில் அவர் பெயர் முழத்துக்கு ஓர் எழுத்தாக. உச்சியில் இறக்கை விரித்த கழுகு. கழுகென்று அவர் சொல்கிறார். கொத்தனார் வாழ்க்கையில் பார்த்த பறவை ஒன்றே ஒன்றாக இருந்திருக்க வேண்டும். நானும் அம்மாவும் எங்களுக்குள் அதைக் கோழி என்போம்.

நான்கு மணிக்கு அம்மா துணி எடுக்க வந்தாள். கட்டத்துக்கு நட்டநடுவே கொண்டையும் வாலுமாக நிழல் கிடந்தது.

"கோழி வந்து படுத்திருக்கு" என்றாள்.

பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என் கையிலிருந்த சாக்குக்கட்டியை வாங்கினாள். குனிந்து அதைச் சுற்றி வரைந்தாள். இறக்கையின் ஒவ்வொரு பல்லையும் விடாமல் வரைந்தாள். கோலிகுண்டு அளவுக்குக் கண் ஒன்றும் வைத்தாள். அது நிழலில் இல்லை. அறிக்கைக்கும் தேவையில்லை. நான் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு எல்லோரையும் மாடிக்கு ஏற்றினேன். கோட்டு கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தான். பக்கத்து மாடியில் கண்ணாடிக் கடைக்காரர் மனைவி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு நின்றாள். சாக்குக்கட்டிக் கோட்டுக்குள் நிழல், அச்சில் ஊற்றியது போலப் பொருந்திக் கிடந்தது.

"இது ரூம் நிழல். ஒம்பது மணிக்குப் போயிடுது" என்று காட்டினேன். "இது உங்க வளைவு. ரெண்டேகால்ல இருந்து பொழுது சாயற வரைக்கும் இங்கயேதான். ஒரு வரிசையில ரெண்டு பேனல் இருட்டானா அந்த வரிசையே மந்தமாயிடும். வளைவ எடுத்துட்டு, கோடு போட்ட பேனல் பதினெட்டு போட்டா உங்க வீட்டுக்குத் தாராளம். ரூம தொடவே வேண்டாம்."

ஃபாரத்தை நீட்டினேன். கோட்டு எழுதியதை அடித்துவிட்டு, 'நிழல் தரும் தடை: முகப்பு வளைவும் அதன் மேல் உள்ள பறவையும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். கழுகு என்று எழுத என் படிப்பு இடம் கொடுக்கவில்லை.

பெரியப்பா நிழலைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார். "அத எப்படி எடுக்கறது? அது வீட்டோட முகம்."

"அப்ப பேனல் தூங்கும்."

"ஏன், ரூம இடிச்சுட்டு எல்லாத்தையும் பின்னால தள்ளிப் போட்டா நிழல் விழாதுல்ல?"

இது அவருக்கு மூன்று விநாடியில் தோன்றிவிட்டது. மைனஸ் தெரியாதவருக்கு இந்தக் கழித்தல் மட்டும் நன்றாக வந்தது.

"விழாது" என்றேன். பொய் சொல்ல அப்போதும் எனக்கு வரவில்லை.

"அதையே எழுது. எந்தக் கரண்டுல ராத்திரி பகலா உக்காந்து படிச்ச? இந்த வீட்டு மீட்டர்ல ஓடினதுதான."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நீங்க சொல்லுங்க."

அம்மா. என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துச் சொன்னாள். எட்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அவருக்கு விழுந்த முதல் 'நீங்க'.

"போன்னு நீங்க சொல்லுங்க, நாளைக்குக் காலையில போயிடறோம். ரூமும் உங்களுது, வீடும் உங்களுது. ஆனா உங்க வாயால சொல்லணும். இவங்க எல்லாரும் இருக்கும்போதே சொல்லணும். வெயில் சொல்லுச்சு, பேனல் சொல்லுச்சுன்னு சொல்லக்கூடாது. என் பொண்ணு எழுதினதாவும் இருக்கக்கூடாது."

சத்தம் போடவில்லை. பருப்பு வெந்துவிட்டது என்று சொல்லும் குரல்தான்.

பெரியப்பா கோட்டுவைப் பார்த்தார். கோட்டு தண்ணீர்த் தொட்டியைப் படித்துக்கொண்டிருந்தான். பக்கத்து மாடியில் மடிபடாத போர்வை ஒன்று அந்தரத்தில் நின்றது. பெரியப்பாவின் கை தானாகக் கைப்பிடிச் சுவருக்குப் போய் அதைத் தட்டியது, ஒரு முறை, இரண்டு முறை. அந்த ஒற்றை எழுத்து அவர் தொண்டைவரை வந்தது எனக்குத் தெரிந்தது. கொலை செய்யவும் துணிச்சல் இல்லாத, பிழைக்க விடவும் மனசு இல்லாத முகம். இப்படி ஒரு மனுஷனுக்கா எட்டு வருஷம் பயந்தோம் என்று இருந்தது.

"யாரு இப்ப போகச் சொன்னா" என்று முணுமுணுத்தார். அப்புறம் கோட்டுவிடம் குரலை உயர்த்தினார். "கறுப்பே போடு. முன்பக்கமாப் போடு. ரோட்டுல போறவனுக்குத் தெரியணும். ஃபாரமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"ஃபாரம் இல்லன்னா முப்பது வருஷம் வராது சார். பன்னெண்டுதான்."

"போதும். எந்தப் பொருளு பன்னெண்டு வருஷத்துக்கு மேல நிக்குது?" படியில் இறங்கப் போனவர் நின்றார். "கறுப்புக்குத்தான மைனஸ் முப்பத்தஞ்சு?"

"ஆமா சார்."

"அதுதான் பெருசு" என்று என் பக்கம் பார்க்காமலே சொல்லிவிட்டு இறங்கினார்.

பேனல்கள் வந்துவிட்டன. மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். முன்பக்கம் இடம் குறைவு என்பதால் பதினாறுதான் உட்கார்ந்தன. தெருவில் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரிகின்றன. அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு அவர் பெயரும் சேர்ந்தே தெரிகிறது, அதுவும் மத்தியானத்துக்கு மேல் இரண்டு தடவை: வளைவில் ஒன்று, பேனல்மேல் நிழலாக ஒன்று.

நாங்கள் அந்த அறையில்தான் இருக்கிறோம். பட்டறைக்குப் பக்கத்தில் வீடு பார்க்கிறேன். காலி செய்வோம். தேதியை நாங்கள் சொல்வோம். அதுவரைக்கும் கீழே சமையல் ஒரு வேளைதான் என்று அம்மா சொல்லிவிட்டாள். என் மூலமாகச் சொல்லவில்லை.

போன வாரம் ஒரு நாள் பெரியப்பா போனில் பேனல் கணக்கைப் பார்த்தபடி மாடிப்படியில் நின்று கேட்டார்: "இஞ்சினியரம்மா, காலையில நல்லாத்தான ஏறுது. ரெண்டேகாலுக்கு மேல ஏன் இப்படிப் படுத்துக்குது?"

அறிக்கை பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. கையெழுத்தும் இருக்கிறது.

அம்மா துணி உதறிக்கொண்டே அவரிடம் சொன்னாள்: "கோழி அடை காக்குது. தொந்தரவு பண்ணாதீங்க."

"எந்தக் கோழி?" என்றார் அவர், சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டு.