வலது இறக்கை

பூச்சியை முழுதாக யாரும் வரைவதில்லை. நானும் வரைவதில்லை. வலது பாதியை ஒரு கறுப்பு அட்டையால் மறைத்துவிட்டு, இடது பாதியை மட்டும் லென்ஸ் வழியாகப் பார்த்து வரைவேன். அதை டிரேசிங் தாளில் எடுத்துத் திருப்பிப் போட்டுத் தேய்த்தால் வலது பாதி தானாக வந்துவிடும். இதுவரை எந்த வண்டும் ஆட்சேபம் சொன்னதில்லை. அருங்காட்சியகத்தின் புத்தகத்துக்காக இப்படி அரை அரையாக வரைந்து என் கழுத்தே ஒரு பக்கமாக நின்றுவிட்டது. கண்ணை மூடினால் உள்ளே கால்கள் ஊர்ந்தன. பூச்சி என்றாலே வெறுத்துப்போனேன்.

புத்தகத்தை எழுதுகிறவர் என் அக்கா கணவர். அங்கே பூச்சிப் பிரிவு அவர் பொறுப்பு. வீட்டில் அவருக்குப் பெயரே 'பூச்சி'. வாழ்நாள் முழுக்க வலையும் கையுமாக அலைந்தும் ஊரறிந்த பூச்சிகள்தான் அகப்பட்டன என்று குடும்பத்தில் ஒரு கேலி உண்டு. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

கடைசிப் படத்துக்கு அவரே ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். ஊசியில் ஒற்றைப் பழுப்பு வண்ணத்துப்பூச்சி. வாசல்வரை போனவர் திரும்பி, "நல்லா பாத்து வரை" என்றார். உதட்டோரம் சிரிப்பு. இத்தனை நாளும் கண்ணை மூடிக்கொண்டா வரைந்தேன் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

பெட்டியைத் திறந்ததுமே பழக்கத்தில் வலது பக்கத்தை அட்டையால் மறைத்தேன். இடது இறக்கையில் கருங்கோடு இருந்தது. ஆண். பெண்ணுக்குக் கோடு இருக்காது, ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். வரைந்து முடித்து அட்டையை எடுக்கும்போது அதன் முனை மாட்டி வலது இறக்கைகள் உதிர்ந்தன. சரி, இடதுதான் முடிந்துவிட்டதே. அத்தானிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தூளைத் தூரிகையால் தள்ளிக் குப்பையில் போட்டேன். வலது பாதியைத் திருப்பிப் போட்டு வண்ணமும் பூசினேன்.

மறுநாள் அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து எதிரே உட்கார்ந்தார். படத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற?"

"என்ன சொல்லணும்?"

அதன் பிறகுதான் படத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியை. "வலது பக்கம் எங்கே?"

சொன்னேன்.

"அது ஒரு பக்கம் ஆண், ஒரு பக்கம் பெண். ஒரே உடம்புல. லட்சத்துல ஒண்ணு அப்படிப் பொறக்கும். எனக்குக் கிடைச்சது அது ஒண்ணுதான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அத்தான்."

"நீயா கண்டுபிடிச்சுத் துள்ளுவே, அப்ப உன் முகத்தைப் பாக்கலாம்னு இருந்தேன்."

"போட்டோ எடுத்தீங்களா? யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"நீதான் வரையறயே. உனக்குத்தான் முதல்ல."

குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். காலையிலேயே வண்டி வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது.

"பெண்ணோட இறக்கை எப்படி இருக்கும்னு எனக்கு மனப்பாடம். போட்டுடறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"நீ பாக்கலையேம்மா."

அதட்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சலித்துப்போய்ச் சொன்னார். படத்தின் வலது பாதியில் விரலை வைத்தார். "இதையும் நீ பாக்கல. எடுத்துடு. பாத்தது மட்டும் இருக்கட்டும்."

புதுத் தாள் எடுத்து இடது பாதியை மறுபடி வரைந்தேன். அழுகை வந்தது, அழக்கூடத் தெம்பில்லை. பார்க்கச் சொல்லிக் கொடுத்ததைப் பார்க்காமல் விட்டேன், அவ்வளவுதான். உடம்பு, ஒரு பக்க இறக்கை, அந்தப் பக்கம் வெறும் தாள். புத்தகத்தில் அப்படித்தான் வந்திருக்கிறது. அச்சகத்தில் பாதி விட்டுப்போச்சா என்று கேட்டார்களாம்.

ஈரம் காயும்வரை அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை வாங்கிக்கொண்டு கிளம்பினார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.