பெரியகாளை வகையறாவின் முதல் பெயர்

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் வரப்புத் தகராறு முற்றிப் போனால் கடைசியில் சூர்யகலாவைத்தான் கூப்பிடுவார்கள். உரிமம் வாங்கிய சர்வேயர். வயது முப்பத்தாறு. வெயிலில் தொப்பியை மாட்டிக்கொண்டு முக்காலியை நட்டு, கருவிக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்து அவள் கை காட்டுகிற இடத்தில் கல் ஊன்றினால், இரண்டு தரப்பும் முணுமுணுத்துக்கொண்டாவது ஒப்புக்கொள்ளும். "அது ஆளப் பாத்து அளக்காது" என்று பெயர் வாங்கியிருந்தாள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அதனால்தான் பெரியப்பா விஜயகுமார் அவளைத் தேடி வந்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ராசிங்காபுரத்தில் அவர்களுடைய குலசாமி கோயிலுக்கு ஆவணியில் குடமுழுக்கு வைத்திருந்தார்கள். அதோடு சேர்த்து, வகையறாவின் கொடிவழியைக் கருங்கல்லில் வெட்டி முன்மண்டபச் சுவரில் பதித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

"வாயால சொன்னா செழியன் ஒத்துக்கிற மாட்டான். ஆதாரத்தோட இருக்கணும். ஒனக்குத்தான் பழைய பத்திரம் படிக்க வருமே, எடுத்துக் குடு, ஆத்தா" என்றார்.

செழியன் இளைய பங்காளி வீட்டுக்காரர். கோயிலில் முதல் பரிவட்டம் யாருக்கு என்பதில் இரண்டு வீட்டுக்கும் நெடுநாள் உரசல். மூத்தவர் பெரியகாளை, அவர் மகன் முனியசாமி, அந்த முனியசாமியின் பிள்ளைகளும் பேரன்மாரும்தான் நாங்கள், எனவே முதல் மரியாதை எங்களுக்கு என்பது பெரியப்பாவின் கட்சி. பெரியகாளைக்கு ஆண்வாரிசு இருந்ததாகவே எங்கள் வீட்டில் பேச்சில்லை என்பது செழியனின் கட்சி.

"நூல் பிடிச்ச மாதிரி எடுத்துத் தர்றேன் பெரியப்பா" என்று சிரித்தாள் சூர்யகலா.

பிறப்பு இறப்புப் பதிவு, பட்டா, வீட்டு வரி ரசீது என்று தேடியதில் தாத்தா காலம்வரை சுலபமாகப் போய்விட்டது. அதற்கு மேலே போக நிலத்தைப் பிடித்துக்கொண்டாள். குடும்பத்தின் ஆதிச் சொத்து கிணற்றுத் தோட்டம். அது முனியசாமி கைக்கு எப்படி வந்தது என்று தெரிந்தால், அவருக்கு முந்தியவர் தெரிந்துவிடும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டு, நாலைந்து நடை நடந்து, ஒரு பழைய பத்திரத்தின் நகலை வாங்கினாள்.

அலுவலக வாசலில் வேப்பமர நிழலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தபடியே படிக்க ஆரம்பித்தாள். பிரபவ வருஷம், அதாவது 1927, ஆனி மாதம் எழுதியது. எழுதிக் கொடுத்தவர் பெரியகாளை இல்லை. ராசிங்காபுரத்தில் இருக்கும் காலஞ்சென்ற பெரியகாளை மனைவி வேலுத்தாய்.

அந்தப் பெயரை அவள் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. வீட்டில் எந்தச் சாமி கும்பிடுதலிலும் யாரும் சொன்னதில்லை.

மேலே படித்தாள். "என் புருஷன் இறந்த பின்பு எனக்கு ஜீவனத்துக்கு வழியில்லாமல், போடிமெட்டுக்கு மேற்கே கல்லுமேட்டு ஏலத்தோட்டத்தில் கூலிவேலை செய்து வந்ததில், மேற்படி புருஷன் இறந்து ஆறு வருஷம் கழித்து, அவ்விடம் விஷஜுரம் கண்டு தாய் தகப்பன் இருவரும் இறந்து தனித்து நின்ற ஆண் குழந்தையை நானே எடுத்து வந்து முனியசாமி என்று பெயரிட்டு வளர்த்து, என் சுயார்ஜிதத்தில் நான் கிரயம் வாங்கிய கீழ்க்கண்ட நிலத்தை என் குமாரனான மேற்படி முனியசாமிக்கு..."

சூர்யகலா இரண்டு தடவை படித்தாள். ஆறு வருஷம் என்பதில் மாற்றுக்கே இடமில்லை. பெரியகாளையின் ரத்தம் அவர்கள் யார் உடம்பிலும் ஓடவில்லை. பிறகு, தன்னந்தனியாக மலையேறிப் போன ஒரு விதவைப் பெண் சம்பாதித்து நிலம் வாங்கியிருக்கிறாள் என்கிற எண்ணம் மெல்ல மேலேறி வந்தது. எதிரே டீக்கடையில் நின்றவர்களிடம் சத்தம் போட்டுச் சொல்லலாம் போல இருந்தது.

பெரியப்பா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இத யாருக்காச்சும் காட்டுனியா?"

"இல்ல. மொதல்ல ஒங்ககிட்டத்தான்."

"அப்பக் கிழிச்சுப் போட்ரு."

"நகலக் கிழிக்கலாம் பெரியப்பா. பதிவுப் புத்தகம் ஆபீசுல இருக்குல்ல."

"செழியனுக்கு இதெல்லாம் தேடத் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சு போச்சே. பெரியகாளை மகன் முனியசாமின்னு கல்லுல வெட்டச் சொன்னா, என்னால அதுக்குத் துணை நிக்க முடியாது. நட்ட கல்லத் தள்ளி ஊனுங்கன்னு எத்தனையோ பேரு காசு நீட்டியிருக்காக. நான் ஊனுனது இல்ல."

பெரியப்பாவுக்குக் கோபம் வந்தது. "நானு அவரு தோள்ல ஒக்காந்து சந்தைக்குப் போனவன்டீ! எங்க தாத்தாவ எவனோ பெத்த பிள்ளைன்னு கோயில்ல நின்னு சொல்லச் சொல்றியா?" என்று எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "சரி. எடுத்து வளத்தது வளத்ததாவே இருக்கட்டும். பெத்தவுக யாரு? எந்த ஊரு, என்ன வகையறா? அது தெரியாம நான் யாரு மொகத்துல முழிக்க? அதக் கண்டுபிடி. பெறகு பேசுவோம்."

"கண்டுபிடிப்போம். ஆனா நீங்களும் வர்றீக."

கல்லுமேட்டுத் தோட்டம் பல கை மாறி, இப்போது போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் சுந்தரராஜிடம் இருந்தது. அவருக்கு ஒரு தடவை சூர்யகலா நிலம் அளந்து கொடுத்திருக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும், "காலைல ஜீப்பு போகும், ஏறிக்கங்க. நானும் வர்றேன்" என்றார்.

விடிந்தும் விடியாமல் கிளம்பினார்கள். சோத்துத் தூக்குகளோடு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் முன்னும் பின்னும் ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஊர் இன்னும் கொஞ்சம் கீழே போயிற்று. பெரியப்பா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தார். பாதி ஏற்றத்தில், "எங்க தாத்தா இந்த மலைக்கு ஒரு நாளும் வந்தது இல்ல" என்றார் திடீரென்று. "ஊரே ஏலக்கா எடுப்புக்கு வரும். அவரு மட்டும் வரமாட்டாரு. ஏன்னு கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு."

தோட்டத்தில் இவர்களுக்கு வழி காட்டியது மேஸ்திரி ஆயம்மாள். பிறந்தது தேவாரம் பக்கம், வாழ்ந்தது முழுக்க மலையில். பேச்சில் பாதி மலையாளம். மரநிழலில் ஆளுயரத்துக்கு நின்ற ஏலச்செடிகளுக்குள்ளே நுழைந்து நுழைந்து ஒரு சரிவுக்குக் கூட்டிப்போனார்.

"பண்டு பனி வந்து மரிச்ச ஆளுகள இவிடத்தான் பொதச்சதுன்னு எங்க அம்மாயி சொல்லும்."

"பனியா? குளிரு தாங்காமச் செத்தாகளா?" என்றார் பெரியப்பா.

"காய்ச்சலுங்க. மலையாளத்துல காய்ச்சலுக்குப் பனின்னு பேரு" என்றார் சுந்தரராஜ்.

சரிவில் பாசி ஏறிய கற்கள் ஒழுங்கில்லாமல் கிடந்தன. சில மண்ணுக்குள் முக்கால்வாசி இறங்கியிருந்தன. ஒன்றிலும் எழுத்து இல்லை. செடிகளின் தூரிலிருந்து சரம் சரமாகக் கிளம்பிய வெள்ளைப் பூக்கள் கற்களின் மேலேயே படர்ந்து கிடந்தன. சூர்யகலா குனிந்து ஒவ்வொரு கல்லையும் தடவிப் பார்த்தாள். பெரியப்பாவும் பார்த்தார். முழங்கால் வலியோடு மண்டியிட்டு, பாசியை நகத்தால் சுரண்டினார். அடியிலும் வெறும் கல்தான்.

"ஆள்பேரு எழுதி வச்ச பழைய கணக்கு ஏதாவது?" என்று கேட்டாள்.

சுந்தரராஜ் இல்லை என்று தலையாட்டினார். "அப்பா வாங்கும்போதே ஒண்ணும் கெடையாது. இருந்தாலும் கங்காணி பேரு இருந்திருக்கும், அவரு கூட்டிவந்த தலை எண்ணிக்கை இருந்திருக்கும். கூலியாளுக்கு யாரு பேரு எழுதுனா?"

எந்தத் தரவும் கிடைக்காத இடம் ஒன்று வரத்தான் செய்யும் என்பது சூர்யகலாவுக்குத் தொழிலில் பழக்கம். அங்கே ஊகத்தை எழுதக் கூடாது. தெரியவில்லை என்று எழுதிவிட்டு, தெரிந்த புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். பெரியப்பாவிடம் அதைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் பூக்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு கல்லின் மேல் கை வைத்திருந்தார். அவளும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இறங்கும்போது ஒரு வளைவில் பெரியப்பா ஜீப்பை நிறுத்தச் சொன்னார். விளிம்பில் நின்று கீழே பார்த்தார். செங்குத்தான பாறைச் சரிவு, அதன் அடியில் முந்தல் கிராமம், அதற்கும் அப்பால் வெயிலில் கானல் அடிக்கிற வயல்வெளி.

"அப்பல்லாம் ரோடு ஏது? கைப்பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு இதுலயா எறங்குனா?"

"நடைபாதை இருந்திருக்கும் பெரியப்பா."

"புருசனும் இல்ல, சொந்தம்னு சொல்ல ஆளும் இல்ல. தானே கூலிக்காரி. பிள்ளைய அங்கேயே விட்டுட்டு வந்திருந்தா யாரு கேக்கப் போறா அவளை?" துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

அன்று சாயங்காலம் சூர்யகலா பத்திரத்தை மறுபடி எடுத்தாள். எந்தப் பத்திரத்திலும் அவள் முதலில் படிப்பது சொத்து விவரத்தைத்தான். இதில் மட்டும் குழந்தையின் கதை அவளை அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது நான்கு எல்லைகளையும் நிதானமாகப் படித்தாள். கடைசி வரியில் நின்றாள். "இதில் வடகிழக்கு மூலையில் சாமி கோயிலுக்கு நான் விட்ட நான்கு சென்ட் நீங்கலாக."

மறுநாள் கருவியோடு கோயிலுக்குப் போய்விட்டாள். புல வரைபடத்தில் இருந்த பழைய கற்களைத் தேடிப் பிடித்து, கிணற்று மேட்டிலிருந்து அளந்து வந்தாள். கருவறை, முன்மண்டபம், பலிபீடம், வேல் சாத்திய மரம் எல்லாம் அந்த நான்கு சென்டுக்குள்ளேதான் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் எல்லோரும் கோயிலில் கூடினார்கள். கொடிவழியை முடிவு செய்கிற கூட்டம். பெரியப்பா என்ன செய்யப் போகிறார் என்று சூர்யகலாவுக்குத் தெரியாது. அவர் பேசாவிட்டால் தானே பேசுவது என்று முடிவு செய்திருந்தாள். அதற்கு வேலை வரவில்லை. பெரியப்பா எழுந்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், வங்கியில் சுற்றறிக்கை வாசிக்கிற குரலில் பத்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். வாசித்து முடித்து, "முனியசாமி எடுத்து வளத்த பிள்ளை. பெத்தவுக யாருன்னு மலைக்குப் போயும் பாத்தோம், தெரியல. இதுதான் உள்ளது" என்று உட்கார்ந்தார்.

ஒரேயடியாகச் சத்தம். செழியன் பக்கத்து ஆள் ஒருவர் எழுந்து, "அப்ப எந்த வகையறான்னே தெரியாத ஆளுக்கா இத்தன வருசம் பரிவட்டம் கட்டுனோம்? இனி கோயிலுக்குள்ள எந்த மொறையில வந்து நிப்பாக?" என்றார்.

பெரியப்பா தலை குனிந்தார். சூர்யகலா எழுந்து, வரைபடத்தைத் தரையில் விரித்தாள்.

"சித்தப்பு, இங்கன வந்து பாருங்க. இது கெணத்துத் தோட்டம். இது கோயில். நேத்து நான் அளந்தது. வேலுத்தாய் மலையில கூலி பாத்து வாங்குன நெலத்துல நாலு சென்ட் சாமிக்குன்னு விட்ருக்கா. நீங்க நிக்கிறீகளே, அந்த எடமும் அதுல சேத்திதான். அவ வளத்த பிள்ளைக்கு இங்க நிக்க மொறை இல்லைன்னா, நம்ம யாருக்கு இருக்கு?"

அவர் தன் காலடியைப் பார்த்தார். செழியன் இறங்கி வந்து குந்தி, வரைபடத்தில் விரலை ஓட்டினார். அவர் ஆத்திரக்காரர்தான், ஆனால் அடுத்தவர் எல்லையைத் தொடாதவர் என்றும் பெயர் உண்டு.

"பாப்பா, அளவுல மாத்தம் இல்லையே?"

"நீங்க வேற ஆள வச்சுக்கூட அளந்து பாருங்க சித்தப்பா."

"வேணாம், வேணாம். நீ அளந்தா சரிதான்." எழுந்து பெரியப்பாவிடம் போனார். "அண்ணே, நீங்க மறைச்சிருந்தா எங்களுக்குத் தெரியவே போறதில்ல. தொறந்து சொன்னீக. இனி பரிவட்டம் ஒரு வருசம் ஒங்களுக்கு, ஒரு வருசம் எங்களுக்கு. குடமுழுக்குக்கு நீங்களே கட்டிக்கங்க. என்ன சொல்றீக?"

"இந்த வருசம் நீ கட்டுப்பா" என்றார் பெரியப்பா. அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு வீம்பும் இல்லை. பல நாளைக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்ததைச் சூர்யகலா பார்த்தாள்.

கல்வெட்டுகிற வேலையைப் பொன்னுமணி எடுத்திருந்தார். அடுத்த வாரம் கொடிவழித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறையில் பெரியப்பாவிடம் கேட்டார்: "எல்லாப் பேருக்கும் கீழ இன்னார் மகன்னு இருக்கு. உச்சியில இருக்கிற அம்மாவுக்கு என்ன போடணும்ங்கய்யா? இன்னார் சம்சாரம்னு போடவா, இன்னார் மகள்னு போடவா?"

பெரியப்பா சூர்யகலாவைப் பார்த்தார். அவள், நீங்களே சொல்லுங்கள் என்பது போல நின்றாள்.

"வேலுத்தாய்னு மட்டும் வெட்டுங்க" என்றார் அவர். "எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும்."

பொன்னுமணி சுண்ணாம்புக்கட்டியால் கல்லின் உச்சியில் கோடு போட்டு, எழுத்துக்கு இடம் பிரிக்க ஆரம்பித்தார்.