தெருவில் போன பாடை

பவளத்துக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அம்மா செல்லம்மாளைப் பாடையில் வைத்துத் தூக்கியாகிவிட்டது. காலனிக்காரர்களின் பிணமும் ஊர்த்தெரு வழியாகப் போகலாம் என்று கலெக்டர் உத்தரவு போட்டாகிவிட்டது. ஊருக்குள் முச்சந்தியில் போலீஸ் வேன் காவலுக்கு நிற்கிறது. அந்த உத்தரவை வாங்கி வந்தவளே காலனி முனையோடு நின்றுவிட வேண்டுமாம். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லையாம்.

உத்திரமேரூர் தாலுகா ஆபீசில் அவள் ஏறாத படி இல்லை. காலனிச் சங்கத்துப் பவளம் வருகிறாள் என்றாலே கிளார்க்குகள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று மெட்ராஸ் பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டபோது, படிப்பிலிருந்து என்று சொல்லிவைத்தாள். அது பொய். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு ஐப்பசி மழையில் அப்பா செத்துப்போனார். ஊர்த்தெருவில் விடமாட்டார்கள். தண்ணீர் கட்டி உழுத கழனியில் இறங்கித்தான் பாடை போயிற்று. தூக்கியவர்களில் ஒருவருக்குக் கால் புதைந்தது, அப்பா குப்புற விழுந்தார். சொல்பேச்சு கேட்காமல் பின்னாலேயே ஓடிவந்த பவளம்தான் பாவாடையால் அவர் மூக்கிலும் வாயிலும் அடைத்த சேற்றை வழித்தாள். வழிக்க வழிக்க வந்துகொண்டே இருந்தது.

அம்மாவின் முகத்தில் ஒரு பொட்டுச் சேறு படக்கூடாது. இத்தனை வருஷம் அவள் நாயாய் அலைந்தது அதற்குத்தான்.

மேளம் முன்னே போனது. பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவர் தாய்மாமன் ஏகாம்பரம். புளியமரத்தடியில் வழி பிரிகிறது. நேரே போனால் ஊர்த்தெரு, இடதுபக்கம் இறங்கினால் கழனி. பெண்களோடு நின்று பவளம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமன் இடதுபக்கம் இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை, தடுக்க அங்கே ஆளே இல்லை.

"மாமா! எங்க எறங்கற?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள்.

"பொம்பள போவக்கூடாதுடீ!" என்று பக்கத்து வீட்டு முனியம்மாள் பின்னால் கத்தியது காதில் ஏறவில்லை.

ஏகாம்பரம் முழங்கால் சேற்றில் திருதிருவென்று விழித்தார்.

"மறந்தே பூட்டேன் பாப்பா. கால் பாட்டுக்கு எறங்கிடுச்சி. எறங்கினது எறங்கியாச்சு, இப்டியே பூடலாமா?"

பவளம் சேற்றில் புதைந்திருந்த அவர் காலைப் பார்த்தாள். ஊர்க்காரர்களோடு மல்லுக்கட்ட ஆபீஸ் இருக்கிறது, அதிகாரி இருக்கிறார். இந்தக் காலோடு மல்லுக்கட்ட எங்கே போய் மனு கொடுப்பது?

"இன்னா மாமா இது? எங்கப்பன் வுளுந்த கழனி இது. அதையுமா மறந்துட்ட? மேல ஏத்து!"

சொல்லிவிட்டுத் தானே சேற்றில் இறங்கி மூங்கிலுக்குத் தோள் கொடுத்தாள். பெண்பிள்ளை பாடை தூக்குவதைப் பார்த்ததும் அத்தனை பேரும் வரப்பேறி வழிக்கு வந்தார்கள்.

ஊர்த்தெருவில் கதவுகளெல்லாம் சாத்தியிருந்தன. மேளக்காரர்கள் தாங்களாகவே மேளத்தை நிறுத்திவிட்டார்கள். தூக்கியவர்கள் தலையைக் குனிந்துகொண்டு விடுவிடுவென்று நடந்தார்கள். அதை ஓட்டம் என்றே சொல்லலாம். பாடை குலுங்கியது.

"நில்லுங்க," என்றாள் பவளம். நின்றார்கள்.

"மேளத்த அடிங்க. மெள்ள போங்க. எங்கம்மாவுக்கு இன்னா அவசரம்?"

ஏகாம்பரம் மெதுவாகக் காலை எடுத்து வைத்துப் பார்த்தார். அந்தத் தெருவில் அப்படி நடந்து அவருக்குப் பழக்கமில்லை.