அறுபது மில்லி விஸ்கி சவர்

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற அதிகாரி அவர். அவருடைய சொந்தப் பெயர் கடைத்தெருவில் யாருக்கும் தெரியாது. "முத்திரை வர்றாரு" என்றால் போதும், பழக்கடைக்காரரிலிருந்து நகைக்கடைக்காரர் வரை தராசுத் தட்டைத் துடைத்து வைத்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு கிராம் விட்டுக்கொடுத்தவர் இல்லை. வீட்டிலும் அப்படித்தான். பால் பாக்கெட்டைக்கூட அளந்து பார்த்துவிட்டுத்தான் காய்ச்சுவார். உடனே கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். அளவுக்குக் கூடுதலாக இருந்தாலும் மனுஷனுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அவர் மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆஸ்பத்திரிக்காரர்கள் எட்டு மணி நேர ரயில் தூரத்தில் புதுக் கிளை திறக்கிறார்கள். அங்கே தலைமை நர்ஸாக வரச் சொல்லி அவளுக்குக் கடிதம் வந்தது. இரண்டு வருஷம் அங்கேயே இருக்கவேண்டும். வருவதா இல்லையா என்று அடுத்த திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை காலைக்குள் சொல்லிவிடவேண்டும்.

கடிதம் வந்த வியாழக்கிழமையே அவள் கேட்டாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

இவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் என்ன பண்ணுவேன் என்றுதான் முத்திரைக்கு முதலில் தோன்றியது. தோன்றியதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? வாயில் வந்தது என்ன தெரியுமா? "உன் இஷ்டம்."

"சரி" என்று அவள் துணி காயப்போடப் போய்விட்டாள். இவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை அவளுடைய வார்டுக்காரர்கள் ஒரு ஹோட்டலில் விருந்து வைத்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஹாலில் நின்றபடியே, பெரிய டாக்டர் மைக்கைப் பிடித்துப் பாட்டுப் பாடிய கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "விஸ்கி சவர்னு ஒண்ணு குடுத்தாங்க. புளிப்பா, இனிப்பா, மேல நுரை வேற. ஐயோ, எனக்கு அதெல்லாம் பழக்கமா என்ன?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று. முத்திரைக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் மனுஷன் என்ன கேட்டார்?

"எத்தனை மில்லி?"

சிரிப்பு நின்றுவிட்டது. "நான் குளிக்கப் போறேன்" என்று உள்ளே போனாள்.

ஒரு பகல் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டு முத்திரை ஒரு முடிவுக்கு வந்தார். அவளைச் சிரிக்க வைத்தது அந்த விஸ்கி சவர். அது ஆஸ்பத்திரிக்காரர்களிடம் கிடைக்கிறது, வீட்டில் கிடைக்கவில்லை. வீட்டிலேயே கிடைத்துவிட்டால் அவள் எதற்கு எட்டு மணி நேரம் ரயிலேறிப் போகப்போகிறாள்? "போகாதே" என்று மூன்றெழுத்தைச் சொல்ல வாய் வராத ஆள், அதற்குப் பதிலாக விஸ்கி வாங்கக் கிளம்பினார். இவரை என்ன சொல்வது?

மனைவியின் தம்பி ஒரு ஹோட்டல் பாரில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை காலையில் மொட்டை மாடிக்குப் போய் நின்றுகொண்டு அவனுக்குப் போன் போட்டார்.

"அறுபது மில்லி விஸ்கி, மாமா. முப்பது எலுமிச்சைச் சாறு. இருபது சர்க்கரைப் பாகு. ஒரு முட்டை வெள்ளைக்கரு. எல்லாத்தையும் மூடி போட்டு நல்லாக் குலுக்குங்க. அப்புறம் ஐஸ் போட்டு இன்னொரு குலுக்கு. வடிகட்டிக் குடுத்துருங்க. இனிப்பு மட்டும் அக்கா ருசிக்கு ஏத்த மாதிரி பாத்துக்கங்க."

"ஒரு முட்டைன்னா எத்தனை கிராம்?"

"முட்டைன்னா முட்டை, மாமா."

"ருசிக்கு ஏத்த மாதிரின்னா எவ்வளவு?"

"மாமா, நீங்க அக்காவுக்குக் குடிக்கக் குடுக்கப்போறீங்களா, இல்ல கேஸ் போடப்போறீங்களா?"

விஸ்கியோடு சேர்த்து ஒரு பெக் மெஷரும் வாங்கி வந்தார். எவர்சில்வரில் குட்டிக் கிண்ணம், அடியில் அறுபது என்று அச்சடித்திருந்தது. வீட்டில் தண்ணீர் ஊற்றி எடை போட்டுப் பார்த்தால் ஐம்பத்தாறுதான் பிடிக்கிறது. வேறு யாராவதாக இருந்தால் இன்னொரு நாலு மில்லியைச் சாய்த்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். முத்திரைக்கு வந்ததே கோபம்! மெஷரும் கையுமாகத் திரும்பக் கடைக்குப் போனார். அங்கே இருந்த பதினேழு மெஷரையும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். பதினேழும் குறை. விவரமாக எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி, மூட்டை கட்டி, சீல் வைத்து வெளியே வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

இத்தனைக்கும் அன்று அவளுக்கு லீவு. பகல் முழுக்க வீட்டில்தான் இருந்தாள்.

"எங்க போயிட்டீங்க? சாப்பிடக்கூட வரல."

"டியூட்டி."

"சரி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு முத்திரை அடுக்களைக்குள் போனார். அவள் ஹாலில் யூனிஃபார்ம்களுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மெஷரை நம்பப்போவதில்லை என்று, அவள் பையிலிருந்து ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றை எடுத்துவைத்திருந்தார். அதில் பத்துப் பத்து மில்லியாக ஆறு தடவை விஸ்கியை உறிஞ்சிப் பிளாஸ்கில் விட்டார். ஏழு முட்டையை எடை போட்டு, கூட்டி வகுத்துச் சராசரி கண்டுபிடித்து, அதற்குப் பக்கத்தில் வந்த முட்டையை உடைத்தார். குலுக்கினார். மூடி சரியாகத் திருகவில்லை. நுரை பாதி ஃபிரிட்ஜின் மேல், பாதி சட்டையில்.

இரண்டாவது தடவை மூடி நின்றது. ஐஸ் எத்தனை கிராம் என்று மச்சினன் சொல்லவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. நூறு என்று இவராகவே வைத்துக்கொண்டு எடை போட்டார். ஐஸ் உருகித் தட்டில் தண்ணீர் கட்டியது. தண்ணீரைத் துடைத்தால் எடை குறைகிறது. இன்னொரு துண்டைப் போட்டால் கூடுகிறது. இந்தக் கூத்து முடிவதற்குள் பிளாஸ்கில் இருந்த நுரை செத்துவிட்டது. அதைக் கொட்டிவிட்டு மூன்றாவது தடவை ஆரம்பித்தார். இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு அவள் எப்போது வந்து வாசற்படியில் நின்றாள் என்று இவருக்குத் தெரியாது.

"என்னங்க பண்றீங்க?"

"உக்காரு. கொண்டு வர்றேன்."

கொண்டுபோய்க் கொடுத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஒரு விரல் உயரத்துக்கு நுரை. அவள் ஒரு வாய் குடித்தாள். முத்திரை கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மூன்று நிமிஷம் ஆயிற்று. அவள் மரியாதைக்கு இன்னொரு வாய் குடித்தாள்.

"ஒண்ணும் தோணலையா?" என்று கேட்டார்.

"என்ன தோணணும்?"

"அன்னைக்கு இதைக் குடிச்சிட்டுத்தானே அப்படிச் சிரிச்ச."

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். ஃபிரிட்ஜைப் பார்த்தாள், இவர் சட்டையைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அன்னைக்கு நான் ரெண்டு வாய்க்கு மேல குடிக்கலைங்க. புளிப்பு எனக்கு ஒத்துக்கல."

"அப்புறம் எதுக்குச் சிரிச்ச?"

"என்னைப் போகவேணாம்னு சொல்றதுக்குத்தான் அந்த விருந்தே வெச்சாங்க. பெரிய டாக்டர் பாட்டைப் பாதியில நிறுத்திட்டு, நீ போயிட்டா நான் யார்கிட்டம்மா திட்டு வாங்குவேன்னார். கேன்டீன் அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. லிஃப்ட்காரர் கூடச் சொன்னாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்! இத்தனை பேரு சொல்லிட்டாங்க, வீட்டுக்குப் போனா நீங்களும் சொல்லிருவீங்கன்னு ஆட்டோ பிடிச்சு ஓடி வந்தேன்." கிளாஸைத் தள்ளி வைத்தாள். "நீங்க எத்தனை மில்லின்னு கேட்டீங்க."

முத்திரைக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து யார் முன்னாலும் தலைகுனிந்து நின்றதில்லை, இப்போது நின்றார்.

"போகாத" என்றார். அவள் முகத்தைப் பார்த்து மறுபடி சொன்னார். "போகாத. நீ இல்லாம என்னால ஒரு நாள் ஓட்ட முடியாது. லெட்டர் வந்த அன்னைக்கே பயந்துட்டேன். சொல்லத் தெரியல."

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்க வர்றேன்னு போன்ல பதில் அனுப்பிட்டேங்க" என்றாள். "அன்னைக்குக் குளிச்சிட்டு வந்த கையோட அனுப்பிட்டேன். ஆர்டரும் வந்துருச்சு, இனி மாத்த முடியாது. ஒரு வாரம் காத்துக்கிட்டு இருந்தேன். இந்த ஒரு வார்த்தையை அன்னைக்குச் சொல்லியிருந்தா, நான் போனையே எடுத்திருக்க மாட்டேன்."