தாய்வழிப் பதிவகம்

ஜுலைகாவின் காதை விட்டுப் போன சத்தங்களெல்லாம் கடைத்தெருவிலுள்ள தாய்வழிப் பதிவகத்தில் இருந்தன. ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். முதலில் போனது குக்கர் விசில். அடுத்தது வாசல் மணி. போன வாரம் சகரமும் கழன்றுவிட்டது. பதினாறு வயது மகள் சுமையா, தன் பெயரை உமையா என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

ஜுலைகாவுக்கு நாற்பத்திரண்டு வயது. சர்க்கரை வந்து ஏழு வருஷம். ஒல்லியான உடம்பு. இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது. பிறகு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவகத்துக்குப் போனாள்.

அவள் நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. நடந்து முடிக்கப் பன்னிரண்டு மணியாகிவிட்டது. கடைசியில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஓர் எறும்பு. ஐம்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது.

விண்ணப்பத்தில் வாப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்தாள். அது இங்கே செல்லாது, உம்மாவின் பெயர்தான் வேண்டும் என்று எறும்பு அடித்துத் திருத்தியது. பிறகு அவள் விரலில் ஒரு குத்துக் குத்தி, வந்த ரத்தச் சொட்டை நக்கிப் பார்த்தது.

"சர்க்கரை, காது மந்தம் ரெண்டுமே உங்க உம்மாவோடதுதான். அவங்களுக்கு அவங்க உம்மா கொடுத்தது."

சுவர் முழுக்க இழுப்பறைகள். உம்மாவின் இழுப்பறையை எறும்பு திறந்தது. மிக்ஸி ஓடியது, கொலுசு குலுங்கியது. அடியிலிருந்து ஒரு சின்னப் பிள்ளையின் குரல் "உம்மா, உம்மா" என்று கூப்பிட்டது. ஜுலைகாவின் குரல்தான். ஆறு வயதில் கூப்பிட்டது. உம்மா அன்றைக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. உம்மா கண்மூடி மௌத்தாகும்வரை, தன் மேல் கோபம் என்றே ஜுலைகா நினைத்திருந்தாள். குனிந்து அந்தக் குரலை இன்னும் இரண்டு தடவை கேட்டாள்.

பக்கத்து இழுப்பறை அவள் அண்ணன் யூசுப் காக்காவுடையது. அவருக்கும் சர்க்கரை, காது மந்தம். அவர் பிள்ளைகள் மூன்று பேருக்கும் இழுப்பறை எங்கே என்று ஜுலைகா கேட்டாள்.

"கிடையாது. ஆம்பளைங்களோட நின்னுடும்."

ஜுலைகாவின் இழுப்பறை மேல் ‘திருப்பித் தர இயலாது’ என்று முத்திரை குத்தியிருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒன்று இருந்தது. சுமையா என்று எழுதியிருந்தது. ஜுலைகா மெல்லத் திறந்தாள். உள்ளே கொசுவின் ரீங்காரம் ஒன்றே ஒன்று. எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். உரியவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றது எறும்பு.

மறுநாள் மகளோடு போனாள். இரண்டு பேருக்கு ஏற்றபடி தாழ்வாரம் அகலமாகியிருந்தது. எறும்பு சுமையாவின் விரலைக் குத்தி, நக்கிப் பார்த்தது. கொஞ்சம் யோசித்து, மறுபடி நக்கியது.

"சர்க்கரை இப்போதைக்கு இல்லை. வருஷா வருஷம் வந்து விரலையும் காதையும் காட்டிட்டுப் போங்க."

சுமையா கையெழுத்துப் போட்டு ரீங்காரத்தை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். இருவரும் திரும்பி நடந்தார்கள். பாதி வழியில் மகள் ஏதோ கேட்டாள். ஜுலைகா நின்றாள்.

"கேக்கலை புள்ளை. என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

சுமையா அவள் எதிரே வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொல்லி முடிக்கும்வரை தாழ்வாரம் நீளாமல் இருந்தது.